தந்தைக்கு நாற்பது கடந்தபின் குழந்தை: இப்போதே முயல்வதா, விந்தணுவை உறைய வைப்பதா, ஐ.வி.எஃப். போவதா, தத்தெடுப்பதா?

குழந்தை தாமதமானால் நம் வீடுகளில் முதலில் எண்ணப்படுவது மனைவியின் வயதுதான். ஆணுக்கு அறுபதிலும் பிள்ளை பிறக்கும் என்பார்கள். பிறக்கும், உண்மைதான். ஆனால் தந்தையின் வயது கூடும்போது குழந்தைக்கு வரக்கூடிய சில நோய்களின் வாய்ப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. இதைக் கேள்விப்பட்ட பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பயந்து லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சைக்குப் போகிறார்கள். அல்லது, ஒன்றும் ஆகாது என்று இன்னும் ஐந்து வருடம் தள்ளிப்போடுகிறார்கள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தந்தையின் வயதால் வரும் ஆபத்து உண்மையானது, ஆனால் சிறியது. அதிகப் பணம் கேட்கும் வழிகள் அந்த ஆபத்தைப் பெரும்பாலும் குறைப்பதில்லை. தள்ளிப்போடாமல் இருப்பது, சரியான நேரத்தில் சரியான பரிசோதனை, குழந்தை பிறந்தபின் முதல் இரண்டு ஆண்டு கவனிப்பு ஆகிய மூன்றும்தான் பயன் தருகின்றன. ஏன் என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வயது கூடும்போது விந்தணுவில் நடப்பது

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. ஆணுக்கு அப்படியில்லை. பருவமடைந்த நாளிலிருந்து விந்தகத்தின் மூலச்செல்கள் ஆண்டுக்குச் சுமார் 23 முறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுத் தொகுப்பு முழுவதும் மறுபடி பிரதி எடுக்கப்படுகிறது. ஏட்டைப் பார்த்து ஏடெழுத எழுதப் பாடபேதம் சேர்வதைப் போல, இங்கும் எழுத்துப்பிழைகள் சேர்கின்றன.

எத்தனை சேர்கின்றன என்பதை ஐஸ்லாந்தின் மரபணு ஆய்வு நிறுவனமான டிகோட் எண்ணிப் பார்த்தது. 2012-ல் வெளியான அதன் முதல் ஆய்வு தந்தையின் வயதில் ஓராண்டு கூடினால் குழந்தையில் ஏறக்குறைய 2 புதிய மாற்றங்கள் கூடுகின்றன என்றது. 2017-ல் 1,548 குடும்பங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு அதைத் திருத்தி, தந்தைக்கு ஆண்டுக்கு 1.51, தாய்க்கு 0.37 என்று கணக்கிட்டது. 30 வயதில் தந்தையாவதற்கும் 45-ல் ஆவதற்கும் இடையே ஏறக்குறைய 23 எழுத்துகள் வித்தியாசம். தந்தையிடமிருந்து வரும் தொகுப்பில் மொத்தம் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அதில் புரதம் செய்யும் பகுதி 1 முதல் 1.5 சதவீதம்தான். ஆகவே 15 ஆண்டுத் தாமதத்தால் முக்கியமான பகுதியில் ஒரு கூடுதல் மாற்றம் விழுவது மூன்று அல்லது நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குத்தான். அப்படி விழும் மாற்றங்களிலும் பல தீங்கற்றவை.

இந்தப் பொதுக் கணக்கை மீறும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3, எச்.ஆர்.ஏ.எஸ்., பி.டி.பி.என்.11, ஆர்.ஈ.டி. போன்ற மரபணுக்களில் விழும் சில குறிப்பிட்ட மாற்றங்கள், தங்களைத் தாங்கியிருக்கும் மூலச்செல்லுக்கே கூடுதல் வளர்ச்சியைத் தந்துவிடுகின்றன. அந்தச் செல் மற்றவற்றை முந்திப் பெருகும். அதனால் வயது ஏற ஏற அந்தக் குறையுள்ள விந்தணுக்களின் பங்கு வேகமாகக் கூடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆன் கோரிலி, ஆண்ட்ரூ வில்கி குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குள்ள வளர்ச்சி தரும் அகோண்ட்ரோபிளேசியா, மண்டையோடும் விரல்களும் ஒட்டி வளரும் ஏபர்ட் குறைபாடு, இதயக் கோளாறுடன் வரும் நூனன் குறைபாட்டின் ஒரு பகுதி ஆகியவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அகோண்ட்ரோபிளேசியா கடைசியாகப் பிறந்த பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912-லேயே கவனித்துவிட்டார்.

எண்களை எப்படி வாசிப்பது

செய்திகளில் வருவது மடங்குக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது ‘ஆயிரத்தில் எத்தனை’ என்ற கணக்கு.

அகோண்ட்ரோபிளேசியா சுமார் 25,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. வயதால் அது பத்து மடங்கு ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 2,500-ல் ஒன்று. இப்படிப்பட்ட ஒற்றை மரபணு நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நாற்பதைக் கடந்த தந்தைக்கு ஆபத்து அரை சதவீதத்துக்குள் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2008-ல் குறிப்பிட்டது. எந்தத் தந்தைக்கும், எந்த வயதிலும், பெரிய பிறவிக் குறையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம் இருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆட்டிசத்துக்கு ஐந்து நாடுகளின் 57 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் அச்சானது. இருபதுகளில் இருக்கும் தந்தையரோடு ஒப்பிட்டால் நாற்பதுகளில் 28 சதவீதம், ஐம்பதுக்கு மேல் 66 சதவீதம் கூடுதல். நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று கொண்டால், ஆயிரத்தில் 10 என்பது 13 ஆகவும் 17 ஆகவும் மாறுகிறது. மனச்சிதைவு நோய்க்கு ஜெருசலேமில் நடந்த 2001 ஆய்வு, தந்தைக்கு 45 முதல் 49 என்றால் இரு மடங்கு, 50-க்கு மேல் மூன்று மடங்கு என்றது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனநலப் பாதிப்பின் மரபுச் சாயல் கொண்ட ஆண்களுக்குத் திருமணமே தாமதமாகலாம். அப்படியென்றால் வயது ஒரு அடையாளம்தான், முழுக் காரணம் அல்ல. புது மாற்றங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இவ்வளவு ஏற்றத்தை விளக்க முடியாது என்று பின்வந்த மரபணு ஆய்வுகள் காட்டின.

கர்ப்பகாலக் கணக்குகளும் உண்டு. 2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த 4 கோடிப் பிறப்புகளை ஆராய்ந்தபோது, 45-ஐக் கடந்த தந்தையரின் குழந்தைகளுக்குக் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் 14 சதவீதம் அதிகம். கருச்சிதைவு, தந்தைக்கு 40–44 என்றால் ஏறக்குறைய 1.2 மடங்கு, 45-க்கு மேல் 1.4 மடங்கு.

குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் குறைபாடு பெரும்பாலும் தாயின் கருமுட்டையிலிருந்து வருவது. தந்தையின் வயதுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இதை நினைவில் வையுங்கள், ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்குவது) பகுதியில் தேவைப்படும்.

முதல் வழி: இப்போதே, இயல்பாக முயல்வது

கணவருக்கு 43, மனைவிக்கு 35 என்று ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வழிதான். செலவு குறைவு, ஆபத்து கூடுவதற்கு முன்பே முடிகிறது, பலிக்காவிட்டால் மற்ற வழிகளுக்கு நேரமும் மிஞ்சுகிறது.

தொடங்கும் முன் கணவர் ஒரு விந்துப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. வழக்கமாக ஓராண்டு முயன்றபின்தான் மருத்துவர்கள் கேட்பார்கள். நாற்பதைக் கடந்தவர் அந்த ஓராண்டை வீணாக்கத் தேவையில்லை. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி தர வேண்டும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். குளிர்ந்துபோன மாதிரியில் அசைவு குறைந்து தெரியும். முதல் துளிகள் சிந்திவிட்டால் எண்ணிக்கையும் குறைந்து தெரியும், ஏனென்றால் அடர்த்தி அதில்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ‘4 சதவீதம்தானா’ என்று அதிர்ச்சியடைந்து வருபவர்கள் நிறைய. அது இயல்பு எல்லைதான். ஒரு முடிவு குறைவாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டும் குறைவாக இருந்தால் மட்டும் கவலைப்படலாம்.

இந்தப் பரிசோதனை எண்ணிக்கையையும் அசைவையும் சொல்லும். மேலே சொன்ன எழுத்துப்பிழைகளைச் சொல்லாது. ‘கவுண்ட் நன்றாக இருக்கிறது, அதனால் வயது பிரச்சினை இல்லை’ என்று முடிவுகட்டுவது தவறு.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகவே இன்று புகையிலையை நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும். புகை, அதிக மது, தொடைமேல் மடிக்கணினி, கட்டுப்படாத சர்க்கரை, உடல் பருமன் ஆகியவை விந்தணுவின் டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றன. இந்த முறிவு வேறு, எழுத்துப்பிழை வேறு. முறிவைப் பழக்கத்தால் ஓரளவு குறைக்கலாம். சேர்ந்துவிட்ட எழுத்துப்பிழையை எந்த உணவும் மருந்தும் அழிக்காது.

நாற்பதுக்கு மேல் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. களைப்பு, நாட்டமின்மை என்று போனவருக்கு இந்த ஊசியோ ஜெல்லோ தரப்படுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களிலும் விற்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம். நிறுத்தியபின் மீள ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். குழந்தை வேண்டும் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

விந்தணு ‘சத்து’ மாத்திரைகளுக்குச் செலவழிக்க வேண்டாம். 2,370 ஆண்களுக்கு ஆறு மாதம் தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020-ல் வந்தது. பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை. டி.என்.ஏ. முறிவு சற்றுக் கூடியது. ஃபோலிக் அமிலம் தேவைப்படுவது மனைவிக்கு: தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து. சர்க்கரை நோய் இருந்தால் அதிக அளவு தேவை, மருத்துவர் எழுதித் தருவார்.

முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கும் காலம். அந்த நாட்களில் தினமோ ஒன்றுவிட்டு ஒரு நாளோ சேர்வது போதும். ‘சேமித்து’ வைப்பதற்காகப் பத்து நாள் விலகியிருப்பது பயன் தராது. தேங்கிய விந்தணுக்களில் முறிவுதான் கூடும். மனைவிக்கு 35-க்குள் என்றால் 12 மாதம், 35 கடந்தால் 6 மாதம், 40 கடந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தவர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் குழந்தைக்குப் பிறவி நோய் ஆபத்து 2 முதல் 3 சதவீதம் கூடுகிறது. தாய்மாமன் திருமணத்தில் அதைவிட அதிகம். தந்தையின் வயது சேர்க்கும் ஆபத்தைவிட இது பல மடங்கு பெரியது. இருவருக்கும் சுமப்பவர் பரிசோதனை (தனக்கு நோய் இல்லாமலே நோய் மரபணுவைச் சுமக்கிறாரா என்று பார்ப்பது), குறைந்தபட்சம் தலசீமியா என்ற மரபுவழி ரத்தநோய்க்கான ரத்தப் பரிசோதனை, கரு தங்குவதற்கு முன்பே செய்யலாம். வயதை நினைத்துக் கலங்கிவிட்டு இதை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது: சில ஆண்டு தள்ளிப்போடுவது

வீட்டுக்கடன் முடியட்டும், வெளிநாட்டு ஒப்பந்தம் முடியட்டும் என்று அதே தம்பதி ஐந்தாண்டு தள்ளினால் 48-ம் 40-ம் ஆகிறார்கள். தந்தை பக்கம் சேர்வது ஏழு அல்லது எட்டு எழுத்து மாற்றங்கள். மனைவி பக்கம் நடப்பதுதான் கனமானது. டவுன் குறைபாட்டின் வாய்ப்பு 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று. கருச்சிதைவு இருபதுகளின் இறுதியில் பத்தில் ஒன்று, நாற்பதுகளின் தொடக்கத்தில் மூன்றில் ஒன்று. கரு தங்குவதே கடினமாகிறது.

மனைவிக்கு 27, கணவருக்கு 41 என்றால் கணக்கு வேறு. அங்கே இரண்டாண்டுத் தாமதம் சேர்ப்பது மூன்று எழுத்து. அதற்காக மனைவி படிப்பையோ வேலையையோ விட வேண்டியதில்லை. தள்ளிப்போடுவதற்கான எல்லையை இருவரில் யாருடைய வயது வேகமாகப் பாதிக்கிறதோ அதை வைத்துப் போடுங்கள். பெரும்பாலும் அது மனைவியின் வயது.

மருத்துவம் சாராத கணக்கும் உண்டு. 50-ல் தந்தையானவருக்குப் பிள்ளை கல்லூரியில் சேரும்போது 68. ஓய்வூதியம் இல்லாத வேலையில் இருப்பவர், ஆயுள் காப்பீட்டையும் படிப்புச் சேமிப்பையும் குழந்தைக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். 50-க்குமேல் காப்பீட்டுக் கட்டணம் கடுமையாக ஏறும்.

மூன்றாவது: விந்தணுவை உறைய வைப்பது

கேட்க அழகான யோசனை. இளமையில் எடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தால் வயதின் கடிகாரம் நிற்கும். ஸ்காட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் ஸ்மித், ஆண்கள் எல்லோரும் 18 வயதிலேயே சேமித்துவிடலாம் என்று 2015-ல் எழுதினார். பிரிட்டிஷ் கருவள வல்லுநர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கமே எங்கள் வாக்கு.

காரணம், உருகும்போது ஏறக்குறைய பாதி அணுக்கள் அசைவை இழக்கின்றன. பிறகு அதை இயல்பாகப் பயன்படுத்த முடியாது. கழுவியபின் அசையும் அணுக்கள் 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கலாம், இல்லையென்றால் ஐ.வி.எஃப். அல்லது இக்சி (ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது). அதாவது, ஊசியும் முட்டை எடுப்பும் மயக்க மருந்தும் மனைவியின் உடலுக்கு. ஆயிரத்தில் சில குழந்தைகள் என்ற அளவு ஆபத்தைக் குறைக்க ஆரோக்கியமான ஒரு பெண்ணை இதற்குள் இழுப்பது நியாயமில்லை. மேலும் 43-ல் உறைய வைத்து 48-ல் எடுப்பவர் மிச்சம்பிடிப்பது ஏழெட்டு எழுத்துகள்தான். 25-ல் வைத்து 50-ல் எடுத்தால் ஏறக்குறைய 38. இதை நினைத்துப் பார்க்கும் வயதில் பெரும்பாலோர் ஏற்கெனவே நாற்பதில் இருக்கிறார்கள்.

இந்தியச் சட்டமும் ஒரு தடை. 2021-ன் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இந்தச் சேவைகளை 21-ஐக் கடந்த, 55-க்கு உட்பட்ட ஆணுக்கும் 50-க்கு உட்பட்ட பெண்ணுக்கும்தான் அனுமதிக்கிறது. சட்டம் பார்ப்பது சிகிச்சை பெறும்போதுள்ள வயதை. முப்பதில் சேமித்தேன் என்று 56-ல் போய் நிற்க முடியாது.

புற்றுநோய்க்கு கீமோவோ கதிர்வீச்சோ தொடங்கப் போகிறவர், விந்தக அறுவை செய்துகொள்பவர், எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருப்பவர் ஆகியோருக்கு மட்டும் உறைய வைப்பது அவசியமான வழி. இவர்கள் தாமதிக்காமல் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று மாதிரி தர வேண்டும். கீமோவுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும், முதல் மருந்து ஏறியபின் எடுத்த மாதிரியை நம்ப முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனைகள் முன்னதாகக் கேட்பார்கள். ஆண்டுச் சேமிப்புக் கட்டணம், கட்டத் தவறினால் என்ன செய்வார்கள், வேறு மருத்துவமனைக்கு மாற்றித் தருவார்களா ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது: ஐ.வி.எஃப்., இக்சி, கருப் பரிசோதனை

‘வயதாகிவிட்டது, ஐ.வி.எஃப். செய்து நல்ல கருவைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடலாம்’ என்று விளம்பரங்கள் சொல்லாமல் சொல்கின்றன. தவறான புரிதல் அதிகம் இருப்பது இங்கேதான்.

கருவைக் கருப்பையில் வைக்கும் முன் செய்யும் பரிசோதனை இரண்டு வகை. ஒன்று, குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது. அது டவுன் போன்றவற்றைக் காட்டும், அவை தாயின் வயதோடு சேர்ந்தவை. தந்தையின் வயது கூட்டுவது ஒற்றை எழுத்துப் பிழைகளை. குரோமோசோம் எண்ணும் பரிசோதனையின் கண்ணுக்கு அவை தெரியாது. இரண்டாவது வகை, குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைத் தேடுவது. புதிதாக விழும் பிழை எந்த மரபணுவில் விழும் என்று முன்கூட்டித் தெரியாததால் அதையும் பயன்படுத்த இயலாது. இக்சியில் நுண்ணோக்கியின்கீழ் அழகான விந்தணுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அகோண்ட்ரோபிளேசியா மாற்றம் கொண்ட விந்தணுவும் அதே அழகோடுதான் இருக்கும்.

கரு தங்காமைக்கு ஐ.வி.எஃப். சரியான சிகிச்சை. குழாய் அடைப்பு, மிகக் குறைந்த எண்ணிக்கை, அடுத்தடுத்த தோல்விகள் இருந்தால் தயங்காமல் போங்கள். கணவரின் வயதுக்கு மட்டும் அது மருந்தல்ல. மனைவிக்கு 35-க்குள் இருக்கும்போது குரோமோசோம் பரிசோதனையைக் கூடுதலாகச் சேர்ப்பதால் உயிரோடு பிறக்கும் குழந்தைகள் கூடுவதாக நிரூபணம் இல்லை. அந்தக் கட்டணத்தை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. டி.என்.ஏ. முறிவுப் பரிசோதனையையும் எல்லோருக்கும் எழுதுகிறார்கள். மீண்டும் மீண்டும் கருச்சிதைவு, காரணம் தெரியாத ஐ.வி.எஃப். தோல்வி இருந்தால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

ஐந்தாவது: தானம் பெற்ற விந்தணு

வயது காரணமாக மட்டும் இந்த வழிக்குப் போக வேண்டியதில்லை. விந்தணுவே இல்லாதவர், கடுமையான மரபுநோய் கொண்டவர் இதை யோசிக்கலாம். அப்படிப் போனால் தானம் தந்தவரின் வயதைக் கேளுங்கள். நம் சட்டம் 21 முதல் 55 வயது வரை உள்ள ஆண்களிடம் விந்து பெற வங்கிகளை அனுமதிக்கிறது. வயதைத் தவிர்க்க நினைத்து, கணவரைவிட மூத்தவரின் அணுவைப் பெற்றுவிடும் சாத்தியம் சட்டப்படி இருக்கிறது. நாற்பதுக்குக் கீழே உள்ளவர் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். தலசீமியா சுமப்பவர் பரிசோதனை அவருக்கு நடந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கரு தங்கியபின்: எந்த வாரத்தில் எதைப் பார்ப்பது

11 முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் பிடரியில் உள்ள நீர்ப்படலத்தை அளப்பார்கள். 3.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்து, குரோமோசோம் சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. நூனன் குறைபாட்டுக்கான மரபணுப் பரிசோதனையைக் கேட்க வேண்டிய இடம் அது. தந்தையின் வயது அதிகம் என்ற செய்தி இங்கேதான் மருத்துவருக்கு உதவும். பல மருத்துவமனைப் படிவங்களில் தாயின் வயது மட்டும் இருக்கும், கணவரின் வயதை நீங்களாகச் சொல்லுங்கள்.

10-வது வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி. பரிசோதனை குரோமோசோம் ஒன்று கூடுவதால் வரும் டவுன், எட்வர்ட்ஸ், படாவ் குறைபாடுகள் மூன்றையும் தேடும். அது தாயின் வயதுக்கான வலை. ஒற்றை மரபணு நோய்களைத் தேடும் என்.ஐ.பி.டி. தனியாக இருக்கிறது, விலை அதிகம். எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3, பி.டி.பி.என்.11 மூன்றும் பட்டியலில் உள்ளனவா என்று கேட்டபின் பணம் கட்டுங்கள். கணவருக்கு 45-க்குள் என்றால் இதை நாங்கள் வற்புறுத்த மாட்டோம். 50-ஐக் கடந்தவர், மனநிம்மதிக்குச் செலவழிக்க முடிந்தவர் செய்யலாம். எந்த என்.ஐ.பி.டி.யும் சந்தேகத்தைத்தான் காட்டும். உறுதிப்படுத்த 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கருச்சிதைவு ஆபத்து சில நூறில் ஒன்று.

18 முதல் 20 வார ஸ்கேன் ‘நார்மல்’ என்றதும் எல்லாம் முடிந்ததாக நினைக்கிறார்கள். அகோண்ட்ரோபிளேசியாவில் தொடை எலும்பு அந்த வாரங்களில் பெரும்பாலும் சரியான நீளத்தில்தான் இருக்கும். 24 வாரத்துக்குப் பின்தான் பின்தங்கத் தொடங்கும். அதனால் 28 முதல் 32 வாரத்துக்குள் ஒரு வளர்ச்சி ஸ்கேன் எடுத்து, தொடை எலும்பின் நீளத்தைத் தலைச் சுற்றளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அப்போது தெரியவந்தால், 24 வாரம் கடந்த கருக்கலைப்பை 2021 திருத்தச் சட்டத்தின்படி மருத்துவக் குழு மட்டுமே அனுமதிக்க முடியும். முன்கூட்டித் தெரிவதன் உண்மையான பயன் பிரசவத்துக்கு நல்ல மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதிலும், கழுத்து முதுகெலும்பைக் கவனிக்கும் மருத்துவரைத் தயாராக வைப்பதிலும் இருக்கிறது. இந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் இயல்பானது. எலும்பு வளர்ச்சிக்கான வோசோரிடைடு மருந்து 2021-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றிருக்கிறது.

ஆறாவது: தத்தெடுப்பு, ஆனால் வரிசையின் கடைசியில் வைக்காதீர்கள்

பலரும் ஐ.வி.எஃப். இரண்டு மூன்று முறை தோற்றபின்தான் தத்தெடுப்பை நினைக்கிறார்கள். இங்கேயும் வயது எண்ணப்படுகிறது. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் 2022 விதிகள் தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்க்கின்றன. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8-க்கு 100, 8 முதல் 18-க்கு 110. இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். பெற்றோர் இருவருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும்.

நம் 43, 35 தம்பதியின் கூட்டு வயது 78. ஓராண்டு போனால் இரண்டு கூடும். நான்கு ஆண்டு மருத்துவமனைகளில் கழித்தால் 86, கைக்குழந்தைக்கான வாய்ப்பு போய்விடும். கணக்கிடப்படுவது பதிவு செய்யும் நாளின் வயது. சிறு குழந்தைக்கான காத்திருப்பும் மூன்று ஆண்டுக்கு மேல் நீளுவது வழக்கம். ஆகவே சிகிச்சையும் தத்தெடுப்பும் இரண்டும் மனதில் இருந்தால், கூட்டு வயது 80-ஐத் தொடும்போதே ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

குழந்தை பிறந்தபின்

கர்ப்பத்தில் எந்த ஸ்கேனும் ஆட்டிசத்தைக் காட்டாது. ஆனால் தந்தையின் வயதோடு சேர்ந்த ஆபத்துகளில் சீக்கிரம் கண்டால் உடனே பயிற்சியைத் தொடங்கக்கூடியது இதுதான். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, 18 மாதத்திலும் வேண்டியதை விரலால் சுட்டாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் ‘அம்மா வா’ போன்ற இரு சொல் தொடர் வராதது, வந்த சொற்கள் மறைவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காட்டுங்கள். ‘அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதைக் கேட்டுக் காத்திருக்கும் ஆண்டுதான் பேச்சுப் பயிற்சிக்கு மிகவும் பயன்படும் ஆண்டு.

எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் 18 மாதத்திலும் 24 மாதத்திலும் ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை. சந்தேகம் வந்தால் முதலில் காது கேட்கும் பரிசோதனை, பிறகு வளர்ச்சி மதிப்பீடு. தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இவை இலவசம். பேச்சு, நடத்தைப் பயிற்சிகளும் அங்கேயே தருகிறார்கள். அங்கன்வாடி ஊழியரிடமோ அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவிலோ கேட்டால் அருகிலுள்ள மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.